எக்ஸ்ரே நார்மல், வலி மட்டும் போகவில்லை: ஓடும் பெண்ணின் தொடை இடுக்கு வலி

கேள்வி: என் மகளுக்கு 19 வயது. கல்லூரி அணியில் 5,000 மீட்டர் ஓடுகிறாள். ஆறு வாரமாக வலது தொடை இடுக்கில் வலி. ஓட ஆரம்பித்தால் வருகிறது, உட்கார்ந்தால் குறைகிறது. பத்து நாளாக நடக்கும்போதே லேசாக நொண்டுகிறாள். எக்ஸ்ரே எடுத்தோம், எலும்பு நன்றாக இருக்கிறது, தசைப்பிடிப்புதான் என்றார்கள். வலி மாத்திரை போட்டுக்கொண்டு பயிற்சிக்குப் போய்க்கொண்டிருக்கிறாள். கல்லூரியில் சேரும்வரை வாரத்துக்கு 35 கிலோமீட்டர் ஓடியவள், இப்போது 70 ஓடுகிறாள். எடை 52 கிலோவிலிருந்து 47 ஆகிவிட்டது. அடுத்த மாதம் பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டி. ஒரு ஊசி போட்டு ஓடவைக்கலாமா? எண்ணெய் போட்டு உருவிக் கட்டுப் போட்டால் சரியாகிவிடும் என்கிறார் என் மாமியார். ஐந்து மாதமாக அவளுக்கு மாதவிடாயும் வரவில்லை. அதற்கும் இதற்கும் சம்பந்தம் இருக்காது, இருந்தாலும் எழுதுகிறேன்.
‍- ஒரு தாய், திண்டுக்கல் மாவட்டம்

பதில்: அம்மா, ஓட்டத்தை இன்றே நிறுத்துங்கள். அந்தக் காலில் எடை போட்டு நடப்பதையும் நிறுத்த வேண்டும். சர்ஜிக்கல் கடையில் ஒரு ஜோடி ஊன்றுகோல் வாங்குங்கள், எம்.ஆர்.ஐ. முடிவு கைக்கு வரும்வரை அதில்தான் நடக்க வேண்டும். எம்.ஆர்.ஐ. இரண்டு மூன்று நாளுக்குள் எடுத்தாக வேண்டும். ஊசி வேண்டாம், உருவல் வேண்டாம், கட்டும் வேண்டாம்.

தொலைதூரம் ஓடுகிற ஒருவருக்குத் தொடை இடுக்கில் வலி வந்து, அது ஓட்டத்தில் கூடி ஓய்வில் குறைந்தால், தொடை எலும்பின் கழுத்தில் அழுத்த முறிவு, அதாவது திரும்பத் திரும்ப விழும் பாரத்தால் வரும் விரிசல், விழுந்திருக்கிறது என்றே வைத்துக்கொள்ள வேண்டும். இல்லை என்று எம்.ஆர்.ஐ. காட்டிய பிறகுதான் தசைப்பிடிப்பைப் பற்றிப் பேசலாம். உங்கள் மகளுக்கு இதுதான் என்று கடிதத்தை வைத்து நான் உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் நீங்கள் எழுதியிருக்கும் ஒவ்வொரு வரியும் இந்தப் பக்கமே கைகாட்டுகிறது. சம்பந்தம் இருக்காது என்று கடைசியில் சேர்த்தீர்களே, அந்த வரியும்தான்.

எக்ஸ்ரேயை நம்பி நிம்மதியாக இருக்க முடியாது. எலும்புக்குள் நுண்ணிய விரிசல்கள் சேரத் தொடங்கி, அதை ஆற்ற உடல் புது எலும்பைப் படியவைத்த பிறகுதான் எக்ஸ்ரேயில் ஏதாவது தெரியும். அதற்கே இரண்டு முதல் நான்கு வாரம், சில சமயம் அதற்கு மேலும் ஆகும். தொடை எலும்பின் கழுத்தில் கடைசிவரை தெரியாமலே போவதும் உண்டு. இந்த நோய் முதலில் பதிவானதே எக்ஸ்ரே இல்லாத காலத்தில். நெடுந்தூரம் அணிவகுத்து நடந்த பிரஷ்யப் படைவீரர்களின் பாதம் வீங்கி வலிப்பதை 1855இல் பிரைத்தாப்ட் என்ற ராணுவ மருத்துவர் எழுதிவைத்தார். அது எலும்பு முறிவு என்பது 1890களின் கடைசியில் எக்ஸ்ரே வந்த பிறகுதான் தெரிந்தது. எலும்பில் அடையாளம் காட்டிய எக்ஸ்ரேயை நம்பலாம். ஒன்றும் காட்டாத எக்ஸ்ரேயை, வலி இருக்கும்வரை நம்பக் கூடாது.

அழுத்த முறிவுகள் எல்லாமே ஆபத்தானவை அல்ல. பாதத்தின் நடுவிரல்களுக்குப் பின்னால் உள்ள நீள எலும்புகள், முழங்காலுக்குக் கீழே கணைக்கால் எலும்பின் உள்பின்பக்க ஓரம், குதிகால் எலும்பு ஆகியவற்றில் வந்தால் ஆறேழு வாரம் ஓய்வெடுத்தால் பெரும்பாலும் ஆறிவிடும். பி.வி. சிந்து 2022 பர்மிங்ஹாம் காமன்வெல்த் போட்டியில் தங்கம் வென்ற கையோடு, இடது கணுக்கால் பகுதியில் அழுத்த முறிவு இருப்பது தெரிந்து, அந்த மாதமே நடந்த உலகச் சாம்பியன்ஷிப்பிலிருந்து விலகினார். அடுத்த ஆண்டு மறுபடி ஆட வந்தார். ஆனால் சில இடங்கள் பொல்லாதவை: தொடை எலும்பின் கழுத்து, கணைக்கால் எலும்பின் முன்பக்கம், பாதத்தின் நடுவே உள்ள நாவிக்குலர் எலும்பு, சுண்டுவிரல் பக்க நீள எலும்பின் அடிப்பகுதி. கூடைப்பந்து வீரர் யாவ் மிங்குக்கு இடது பாதத்து நாவிக்குலரில் 2008இல் முறிவு வந்தது. அறுவை சிகிச்சைகள் செய்தும் அந்தப் பாதம் அவரை விடவில்லை. 2011இல் ஆட்டத்திலிருந்தே ஓய்வு பெற்றார். உங்கள் மகளுக்கு வலிக்கிற இடம் இந்தப் பொல்லாத பட்டியலில்தான் இருக்கிறது.

தொடை எலும்பின் தலை, இடுப்புக் குழிக்குள் உட்கார்ந்திருக்கிறது. தலையையும் தண்டையும் இணைக்கிற சாய்வான பகுதிதான் கழுத்து. ஒவ்வொரு காலடியிலும் உடல் எடையைப் போலப் பல மடங்கு விசை இந்தச் சாய்வின்மேல் இறங்கும். மரக்கிளையின் நுனியில் ஆள் தொங்கினால் மேல்பக்கம் இழுபட்டுக் கிழியும், கீழ்ப்பக்கம் நசுங்கும் அல்லவா, கழுத்திலும் அப்படித்தான். கீழ்ப்பக்க விரிசலில் இரு முனைகளையும் உடல் எடையே சேர்த்து அழுத்துவதால், ஓய்வு கொடுத்தால் ஆறும். மேல்பக்க விரிசல் ஒவ்வொரு அடிக்கும் வாய் திறக்கும். ஒரு நாள் முழுதாக முறிந்து விலகிவிட்டால், தலைக்கு ரத்தம் கொண்டுபோகும் நுண்ணிய குழாய்கள் கழுத்தை ஒட்டியே போவதால் அவையும் அறுந்துபோகும். ரத்தமில்லாமல் தலை செத்து நொறுங்கினால், இருபது வயதில் செயற்கை மூட்டைப் பற்றிப் பேச வேண்டிவரும். இவ்வளவு கறாராக நான் எழுதுவது அதனால்தான்.

வலி மாத்திரையும் ஊசியும் வேண்டாம் என்பதற்கும் இதே காரணம். இப்போது அவரைக் காப்பாற்றிக்கொண்டிருப்பது அந்த வலி ஒன்றுதான். டைக்ளோஃபெனாக், அசிக்ளோஃபெனாக் வகை மாத்திரைகள் வலியை மறைப்பதோடு எலும்பு ஆறுவதையும் தாமதப்படுத்தக்கூடும். வலி தாங்க முடியாவிட்டால் பாராசிட்டமால் போதும், அதுவும் படுத்திருக்கும்போது. ஓடுவதற்காகப் போடக் கூடாது. உங்கள் மாமியார் அக்கறையில்தான் சொல்கிறார். ஆனால் தொடை எலும்பின் கழுத்து, தடித்த தசைகளுக்கு அடியில் ஆழத்தில் இருக்கிறது. வெளியே போடும் கட்டு அதைப் பிடித்து நிறுத்தாது. காலை இழுத்துத் திருப்பி உருவினால் விரிசல் விலகிவிடலாம்.

மருத்துவமனைக்குப் போகும்போது, “காலில் வலி” என்று மட்டும் சொல்லாதீர்கள். “ஓடுகிற பெண், தூரத்தை இரண்டு மடங்காக்கிய பிறகு தொடை இடுக்கில் வலி, ஆறு வாரமாகிறது, நொண்டுகிறாள், ஐந்து மாதமாக மாதவிடாய் இல்லை” என்று ஒரே மூச்சில் சொல்லுங்கள். மல்லாக்கப் படுக்கவைத்து, முழங்காலை மடக்கிப் பாதத்தை வெளிப்பக்கம் நகர்த்துவார்கள். அப்போது தொடை உட்புறமாகத் திரும்பும். அதில் இடுக்கு சுருக்கென்று வலித்தால் சந்தேகம் வலுக்கும். ஒற்றைக்காலில் குதித்துக் காட்டச் சொல்லும் பழக்கம் விளையாட்டு மைதானங்களில் இருக்கிறது. கணைக்கால் எலும்புக்கு அது பயன்படலாம். இந்த இடத்தைச் சந்தேகிக்கும்போது ஒருபோதும் குதிக்கவைக்கக் கூடாது. நீங்களும் வீட்டில் சோதித்துப் பார்க்காதீர்கள். இன்னொன்று, இடுப்பு மூட்டின் வலி சிலருக்கு முழங்காலில்தான் தெரியும். முழங்காலுக்கோ முதுகெலும்புக்கோ ஸ்கேன் எடுத்துவிட்டு நார்மல் என்று திரும்பிவருவது இப்படித்தான் நடக்கிறது.

அதனால் எம்.ஆர்.ஐ. சீட்டில் “பெல்விஸ், இரண்டு இடுப்பு மூட்டுகளும்” என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். இந்த முறிவு சிலருக்கு இரண்டு பக்கமும் வரும். வலிக்காத பக்கத்தில் ஆரம்ப நிலையில் இருக்கும். மருந்து ஏற்றி எடுக்கும் கான்ட்ராஸ்ட் ஸ்கேன் தேவையில்லை. டி1 படங்களும், கொழுப்பின் வெளிச்சத்தை அடக்கி எடுக்கும் ஸ்டிர் படங்களும் இருந்தால் போதும். எலும்பு மஜ்ஜையில் நீர் கோத்திருந்தால் ஸ்டிர் படத்தில் வெள்ளையாகத் தெரியும். முறிவுக் கோடு டி1 படத்தில் கருப்பாகத் தெரியும். ரிப்போர்ட் வந்ததும் எலும்பு மருத்துவரிடம் நான்கு கேள்விகள் கேளுங்கள். நீர்க்கோப்பு மட்டும்தானா, கோடும் விழுந்திருக்கிறதா? மேல்பக்கமா, கீழ்ப்பக்கமா? கழுத்தின் அகலத்தில் பாதியைத் தாண்டியிருக்கிறதா? மூட்டுக்குள் நீர் சேர்ந்திருக்கிறதா? சிகிச்சை முழுவதும் இந்தப் பதில்களில்தான் இருக்கிறது.

கீழ்ப்பக்கத்தில், பாதி அகலத்துக்குள் இருந்தால் பெரும்பாலும் அறுவை சிகிச்சை தேவைப்படாது. ஆறு முதல் எட்டு வாரம் ஊன்றுகோல், முதல் சில வாரங்களில் வாராவாரம் எக்ஸ்ரே. இங்கே அந்த எக்ஸ்ரே விரிசலைத் தேட அல்ல, எலும்பு விலகவில்லை என்று உறுதிசெய்ய. மூட்டில் நீர் சேர்ந்திருந்தால் முறிவு பெரிதாகும் வாய்ப்பு கூடுதல். இன்னும் உன்னிப்பாகப் பார்ப்பார்கள். மேல்பக்கத்தில் கோடு இருந்தாலோ, கீழ்ப்பக்கக் கோடு பாதியைத் தாண்டியிருந்தாலோ, திருகாணி போடச் சொல்வார்கள். தொடையின் வெளிப்பக்கத்தில் சிறிய கீறல் போட்டு, எக்ஸ்ரே திரையைப் பார்த்துக்கொண்டே கழுத்தின் வழியாக வழக்கமாக மூன்று திருகாணிகளை ஏற்றுவார்கள். அப்படிச் சொன்னால் தள்ளிப்போடாதீர்கள். எலும்பு விலகுவதற்கு முன் போடும் திருகாணிக்கும், விலகிய பிறகு அவசரமாகப் போடும் திருகாணிக்கும் பலனில் மலையளவு வித்தியாசம்.

எந்த நேரத்திலாவது இடுப்பில் சடக்கென்று ஏதோ விட்டுப்போன உணர்வு, காலை ஊன்றவே முடியாத வலி, அந்தக் கால் குட்டையாகிப் பாதம் வெளிப்பக்கம் சாய்வது ஆகியவற்றில் ஒன்று நடந்தாலும் 108ஐக் கூப்பிடுங்கள். காலை நேராக்க முயல வேண்டாம். சாப்பிடவும் குடிக்கவும் எதுவும் கொடுக்காதீர்கள். உடனே மயக்க மருந்து கொடுக்க வேண்டியிருக்கும்.

ஊன்றுகோலைத் தவறாகப் பிடிக்கிறவர்களே அதிகம். மேல்பட்டை அக்குளுக்கு இரண்டு மூன்று விரல் கீழே இருக்க வேண்டும். கையைத் தொங்கவிட்டால் கைப்பிடி மணிக்கட்டு உயரத்துக்கு வர வேண்டும். எடையை உள்ளங்கை தாங்க வேண்டும். அக்குளில் தொங்கினால் அங்குள்ள நரம்பு நசுங்கிக் கை மரத்துப்போகும். வலிக்கிற காலை மடக்கி அந்தரத்தில் பிடித்துக்கொண்டு நடப்பதுதான் பாதுகாப்பு என்று தோன்றும். அப்படிப் பிடித்திருக்க இடுப்புத் தசைகள் இறுகி, அந்த இறுக்கமே கழுத்தை அழுத்தும். பாதத்தைத் தரையில் லேசாகத் தொடவிட்டு, எடை போடாமல் நடப்பதே நல்லது. படி ஏறும்போது நல்ல கால் முதலில், பிறகு ஊன்றுகோலும் வலிக்கிற காலும். இறங்கும்போது ஊன்றுகோலும் வலிக்கிற காலும் முதலில். தரையில் உட்காருவது, சம்மணம், குந்தி உட்காரும் கழிப்பறை எல்லாம் இப்போதைக்குக் கூடாது. விடுதிக் கழிப்பறையில் நாற்காலிக் கமோடு வைக்க அனுமதி கேளுங்கள். படுத்த நிலையில் காலை நேராகத் தூக்கும் பயிற்சியைத் தொடை வலுவுக்காக வழக்கமாகச் சொல்லிக்கொடுப்பார்கள். முதல் வாரங்களில் அது வேண்டாம். நீட்டிய காலின் பாரம் முழுவதும் இடுப்பு மூட்டில்தான் விழும்.

இனி அந்தக் கடைசி வரிக்கு வருகிறேன். எலும்பு ஆறுவது ஒரு பாதி வேலைதான். எலும்பு ஏன் உடைந்தது என்பது மறு பாதி. தூரத்தைக் கூட்டினால் உடல் பழைய எலும்பை அரித்துவிட்டுப் புதிய எலும்பைக் கட்டும். அரிப்பது சில வாரங்களில் முடியும், கட்டி முடிக்க மூன்று மாதம்போல ஆகும். இடைப்பட்ட காலத்தில் எலும்பு முன்பைவிடப் பலவீனமாக இருக்கும். திடீரென்று தூரத்தை இரட்டிப்பாக்கிய ஒன்றிரண்டு மாதத்தில் வலி தொடங்குவது இதனால்தான். கட்டுவதற்குத் தேவையான சாப்பாடும் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோனும் இல்லையென்றால் எலும்பால் எட்டிப்பிடிக்கவே முடியாது. மாதவிடாய் நின்றது ஈஸ்ட்ரோஜன் குறைந்துவிட்டதற்கான அறிகுறி. கடும் பயிற்சியில் இது சகஜம் என்று மைதானங்களில் சொல்கிறார்கள். அடிக்கடி நடப்பது உண்மை, ஆனால் அது நலம் அல்ல. போதாத உணவால் விளையாட்டு வீரர்களின் எலும்பு, ஹார்மோன், ரத்தம், மனநிலை எல்லாம் கெடுவதை 2014இல் சர்வதேச ஒலிம்பிக் குழு ரெட்-எஸ் என்று பெயரிட்டுத் தனி நிலையாகவே வகுத்தது. ஆண்களுக்கும் வரும். அவர்களுக்கு எச்சரிக்க மாதவிடாய் இல்லாததால் இன்னும் தாமதமாகத் தெரியும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 47 கிலோ எடையில் கொழுப்பு போக ஏறத்தாழ 40 கிலோ என்று வைத்துக்கொள்வோம். ஓட்டத்துக்குச் செலவானது போக, அந்த ஒவ்வொரு கிலோவுக்கும் நாளுக்கு 45 கலோரி மிஞ்ச வேண்டும், அதாவது 1,800. ஒரு கிலோ எடைக்கு ஒரு கிலோமீட்டருக்கு ஏறத்தாழ ஒரு கலோரி என்று பார்த்தால், 12 கிலோமீட்டர் ஓடும் நாளில் 560 கலோரி போகும். ஆக அவருக்குத் தேவை 2,350க்கு மேல். காலையில் வெறும் டீ, எட்டரைக்கு மூன்று இட்லி, மதியம் விடுதிச் சாப்பாடு, எடை கூடிவிடும் என்று இரவில் இரண்டு சப்பாத்தி என்றால் 1,500ஐத் தொடுவதே கஷ்டம். மிஞ்சுவது கிலோவுக்கு 24 கலோரிக்கும் கீழே. 30க்குக் கீழே போனாலே உடல் மாதவிடாயை நிறுத்தி, எலும்பு கட்டுவதைக் குறைத்துவிடக்கூடும்.

எனவே ஓய்வில் இருக்கிறாள், குறைவாகச் சாப்பிடட்டும் என்று விடாதீர்கள். எலும்பு ஆறுகிற இந்த வாரங்களில்தான் நன்றாகச் சாப்பிட வேண்டும். இழந்த எடை திரும்பும்வரை இப்போது சாப்பிடுவதோடு நாளுக்கு 300 முதல் 600 கலோரி கூட்டுங்கள். காலையில் எழுந்ததும் வாழைப்பழமும் நாலு பேரீச்சம்பழமும், முற்பகலில் பாலும் அவித்த முட்டையும், இரவில் மறுபடி சோறு. கால்சியம் நாளுக்கு 1,300 மில்லிகிராம் அளவுக்கு வர வேண்டும். அரை லிட்டர் பாலில் 600, நூறு கிராம் கேழ்வரகு மாவில் 350 கிடைக்கும். மீதிக்குத் தயிர், முள்ளோடு சாப்பிடும் நெத்திலி, முருங்கைக்கீரை. மாத்திரை எடுத்தால் கால்சியம் கார்பனேட்டைச் சாப்பாட்டோடு விழுங்கட்டும். இரும்புச்சத்து மாத்திரையை அதிலிருந்து இரண்டு மணி நேரம் தள்ளி வைக்கட்டும். ஒன்றை மற்றது தடுக்கும். வைட்டமின் டி குறைவாக இருந்தால் 60,000 யூனிட் வாரம் ஒரு முறை, எட்டு வாரம் என்று எழுதுவது வழக்கம். அதைத் தினமும் போட்டுவிட்டு, கால்சியம் ஏறி, வாந்தியும் சிறுநீரகக் கோளாறுமாக வருகிறவர்கள் உண்டு. சீட்டில் எந்தக் கிழமை என்று எழுதி வாங்குங்கள்.

மகப்பேறு மருத்துவரையோ ஹார்மோன் மருத்துவரையோ தனியாகப் பார்க்க வேண்டும். தைராய்டு, புரோலாக்டின், எல்.ஹெச்., எஃப்.எஸ்.ஹெச்., எஸ்ட்ரடயோல், வழக்கமாகச் செய்யும் கர்ப்பப் பரிசோதனை எல்லாம் எடுத்து வேறு காரணங்களை விலக்குவார்கள். மாதவிடாய் வரவைக்க மட்டும் கருத்தடை மாத்திரை கொடுப்பதை நான் ஏற்பதில்லை. மாத்திரையால் ரத்தப்போக்கு வரும், வீட்டில் நிம்மதி வரும், எலும்புக்குப் பாதுகாப்பு வராது. போதாத சாப்பாடு அப்படியே மறைந்து தொடரும். சாப்பாட்டையும் பயிற்சியையும் சரிசெய்து சில மாதம் ஆகியும் வராவிட்டால், தோலில் ஒட்டும் எஸ்ட்ரடயோல் பட்டை என்றொரு வழி இருக்கிறது. எலும்பு அடர்த்தியைப் பார்க்க டெக்ஸா ஸ்கேனும் ஒரு முறை எடுக்கலாம்.

ரத்தப் பரிசோதனையில் பலரும் கடந்துபோகும் இரண்டு எண்கள் இருக்கின்றன. ஒன்று ஆல்கலைன் பாஸ்பேட்டேஸ். அது கூடினால் எல்லோரும் பார்ப்பார்கள், குறைந்தால் யாரும் கண்டுகொள்வதில்லை. மறுபடி மறுபடி அழுத்த முறிவு வருகிற ஒருவருக்கு அது தொடர்ந்து குறைவாக இருந்தால் ஹைப்போஃபாஸ்பேட்டேசியா என்ற அரிய பரம்பரை நோயை நினைக்க வேண்டும். ஐந்து வயதுக்கு முன்பே பால்பற்கள் வேரோடு விழுந்தனவா என்று உங்களிடம் கேட்டால் அதற்காகத்தான். அது தெரியாமல் ஜோலட்ரோனேட் போன்ற எலும்பு ஊசியைப் போட்டால் நிலைமை மோசமாகும். மற்றொன்று பாஸ்பேட். அது குறைந்து எலும்புகள் பல இடத்தில் வலித்தால், உடலில் எங்கோ ஒளிந்திருக்கும் பட்டாணியளவுக் கட்டி ஒன்று பாஸ்பேட்டைச் சிறுநீரில் வெளியேற்றிக்கொண்டிருக்கலாம்; அதைக் கண்டுபிடித்து எடுத்தால் எலும்பே தேறிவிடும். ரத்தசோகைக்காக நரம்பில் ஏற்றும் ஃபெரிக் கார்பாக்ஸிமால்டோஸ் என்ற இரும்பு மருந்தும் பாஸ்பேட்டைக் குறைக்கும். உங்கள் மகளுக்கு அது ஏற்றியிருந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள். இவை அரிதுதான், ஆனால் இரண்டு சோதனையும் செலவு குறைந்தவை. வலி இரவில் தூக்கத்தைக் கெடுத்தாலோ, காய்ச்சல் இருந்தாலோ, காசநோயும் எலும்புக் கட்டியும் இல்லை என்று உறுதிசெய்த பிறகே மேலே போக வேண்டும்.

அடுத்த மாதப் போட்டி இல்லை, அம்மா. இதில் பேரம் பேச இடமில்லை. மகளிடமும் பயிற்சியாளரிடமும் இன்றே சொல்லிவிடுங்கள். ஒவ்வொரு வாரமும் பார்க்கலாம் என்று இழுத்தால் அவர் வலியை மறைக்கத் தொடங்குவார். முழு ஓட்டத்துக்குத் திரும்ப நான்கு முதல் ஆறு மாதம் ஆகும்; திருகாணி போட்டால் இன்னும் கூடலாம். ஊன்றுகோலை விட்டு, வலியோ நொண்டலோ இல்லாமல் நடக்க முடிந்தால் எதிர்ப்பு விசை வைக்காத உடற்பயிற்சி சைக்கிள், பிறகு கால் தரை தொடாத ஆழத்தில் மிதவைப் பட்டை கட்டிக்கொண்டு தண்ணீருக்குள் ஓடுவது. கிணற்றில் குதிப்பது கூடாது. காலை அகட்டி உதைக்கும் நீச்சலும் கூடாது.

முக்கால் மணி நேரம் வேகமாக நடந்தும் இரண்டு வாரம் வலியே இல்லை என்றால் மண் தரையில் ஒரு நிமிட ஓட்டம், நாலு நிமிட நடை, ஐந்தாறு முறை, ஒரு நாள் விட்டு ஒரு நாள். ஓட்ட நிமிடங்களை வாரத்துக்கு ஒருமுறை மட்டும் கூட்டுங்கள். முதலில் நேரம் கூடட்டும், பிறகு ஓடும் நாட்கள். ஆணி வைத்த ஸ்பைக்ஸ் காலணியும் வேகமும் கடைசியில். இடுக்கில் லேசாக வலித்தால்கூட அன்று நிறுத்தி, இரண்டு நாள் விட்டு, முந்தைய படிக்குத் திரும்ப வேண்டும். அந்த இரண்டு நாளிலும் போகாத வலி என்றால் மறுபடி ஊன்றுகோல், மறுபடி மருத்துவர். ஓடிய நிமிடங்களையும் மாதவிடாய்த் தேதிகளையும் அவர் ஒரே நோட்டில் எழுதிவரட்டும். தேதி தள்ளிப்போகத் தொடங்கினால், அடுத்த வாரம் நிமிடங்களைக் கூட்டாமல் சாப்பாட்டைக் கூட்டுங்கள்.